அலை இல்லாத இடம்

"இந்த வயசுல முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறியாக்கும்?" என்று என் நாத்தனார் கேட்டபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வயது 58. இடது முழங்காலில் வலி. ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. அதுவரை நான் தனியாகப் போன நீண்ட பயணம் கடலூரிலிருந்து திருச்சி வரைக்கும்தான்!

எல்லாம் என் மகள் செய்த வேலை. வேலையும் செய்து ஊரும் சுற்றிப் பார்க்கிற விசா ஒன்றை ஆஸ்திரேலிய அரசு 2024 அக்டோபர் முதல் இந்தியர்களுக்கும் திறந்துவிட்டது. 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறை. இவள் பெயர் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டுப் போய், பண்டபெர்க் என்ற ஊரில் ஒரு கொட்டகையில் நின்றுகொண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தரம் பிரித்துப் பெட்டி போட்டுக் கொண்டிருந்தாள். இதைக் கேட்டு என் கணவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"மூணு வாரம் லீவு சொல்லிட்டேம்மா. நீ வா. சிட்னியிலேருந்து கெய்ன்ஸ் வரைக்கும் கடலோரமாவே பஸ்ஸுல போகலாம். ஆளுக்கு ஒரு பை. ஹோட்டல் கீட்டல் எல்லாம் கிடையாது" என்றாள் போனில்.

கடலோரமாகவே என்றதும் எனக்குப் பகீர் என்றது. கடலூரில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் கடல் எனக்கு ஆகாது. காரணத்தை மகளிடம் சொன்னதில்லை. ஆனாலும் பெண்ணைப் பார்த்து எட்டு மாதமாகிவிட்டதே! சாம்பார் பொடி, ரசப்பொடி அரைத்துக் கணவருக்கு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, 2025 அக்டோபர் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

ஒரு விஷயம், போகப் போகிறவர்கள் கவனியுங்கள். விமானத்தில் தருகிற அட்டையில் 'உணவுப் பொருள் இருக்கிறதா?' என்று கேட்பார்கள். மறைக்காமல் 'ஆமாம்' என்று போட்டுவிடுங்கள். நான் போட்டேன். பொடிகளை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்கள். ஆசையாக எடுத்துப் போன கறிவேப்பிலை மட்டும் குப்பைத் தொட்டிக்குப் போனது. மறைத்து மாட்டிக்கொண்டால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

பாண்டை கடற்கரையில்

சிட்னி ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இருக்கிறது. கெய்ன்ஸ் வடகிழக்கு மூலையில். நடுவே 2,500 கிலோமீட்டருக்கு மேல். நமக்கு நேர்மாறாக, அங்கே வடக்கே போகப் போகத்தான் வெயில்.

சிட்னியில் இறங்கிய மறுநாளே பாண்டை கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிறை வடிவத்தில் வளைந்து கிடக்கிற மணல். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் கடற்கரையின் தெற்கு முனைக்கு வந்து சேருகிறோம். மகள் காபி வாங்கப் போய்விட்டு வந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதோ பாருடி, அந்த இடத்துல அலையே இல்ல. அங்க போய்க் கால் நனைச்சுக்கலாம்" என்று கையைக் காட்டினேன்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இதே வார்த்தையை நான் முன்பு ஒரு தரம் சொல்லியிருக்கிறேன்.

1978, காணும் பொங்கல். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. எனக்கு 11 வயது, அண்ணனுக்கு 16. அம்மா புளியோதரைப் பாத்திரத்தைப் பிரித்துக் கொண்டிருந்தாள். அன்றைக்கு அலை பெரிசு. "அங்கே அலை இல்லண்ணா!" என்று நான்தான் ஓர் இடத்தைக் காட்டினேன். அவனும் பார்த்து, ஆமாம் என்று சிரித்துக்கொண்டே அங்கே இறங்கினான். மூன்றாம் நாள்தான் கிடைத்தான். 'கடல் உள்ளே இழுத்துவிட்டது' என்றார்கள். அதற்குப் பிறகு மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்குப் போனாலும் அம்மா போனதில்லை. அந்த இடத்தைக் காட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் சிலையாக நிற்பதைப் பார்த்து, நீலச் சட்டை போட்ட லைஃப்கார்டு பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான். "அங்கே இறங்காதீங்க. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருக்கு பாருங்க, அதுக்கு நடுவில்தான் இறங்கணும்" என்றான். நான் காட்டிய இடத்துக்கு ஒரு பெயரே இருக்கிறதாம்: 'பேக்பேக்கர்ஸ் ரிப்'! பேக்பேக்கர் என்றால் எங்களை மாதிரி முதுகில் பையோடு சுற்றுகிறவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற வெளியூர்க்காரர்கள் அலை குறைவாக இருக்கிறதே என்று நேராக அங்கேதான் போய் இறங்குவார்களாம். அதனால் அந்தப் பெயர்.

அலை குறைவாக இருப்பதுதான் அபாயத்தின் அடையாளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர் எல்லாம் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டுமல்லவா? மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால் மாதிரி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அது ஆறாக ஓடும். ஆழத்தில் அலை உடையாது. ஆகவே மேலே பார்த்தால் அமைதி. கொஞ்சம் கருத்த நிறம். நுரை கரைக்கு வராமல் கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ராப் பிராண்டர் என்று சிட்னியில் ஒரு பேராசிரியர். 'டாக்டர் ரிப்' என்றே பட்டப்பெயர். தண்ணீரில் ஊதாச் சாயத்தைக் கொட்டி அந்த ஓட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுகிறார். படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். விடுதியில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். அந்த ஓட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை; வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அலை உடைகிற இடத்தைத் தாண்டினால் அதன் வேகம் தளர்ந்துவிடும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுகிறவர்கள்தான் களைத்துப்போய் மூழ்குகிறார்கள். மிதக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், நீந்தத் தெம்பிருந்தால் பக்கவாட்டில், அலை உடைகிற பக்கமாக நீந்தி வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மெரினாவோ, மகாபலிபுரமோ, தண்ணீருக்கு எல்லா ஊரிலும் ஒரே வழிதான்.

பாண்டையிலும் சும்மா வந்துவிடவில்லை இந்த ஏற்பாடு. அங்கே தொண்டர்களாகச் சேர்ந்து உயிர்காப்புச் சங்கம் வைத்தது 1907-இல். 1938 பிப்ரவரி 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கடலுக்குள் இழுத்துப் போயின. சுமார் 250 பேரைத் தொண்டர்கள் மீட்டார்கள்; ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெண்களைக் காவல் பணியில் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1980-இல்தான் என்பது நம் சகோதரிகளுக்குச் சுவையான செய்தி. அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது, பாருங்கள்!

என்ன உடுத்திக்கொண்டு குளிப்பது?

புறப்படும்போது எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். பாண்டையிலிருந்து குன்றோரமாக ஆறு கிலோமீட்டர் நடந்தால் கூஜி என்ற ஊர். (முழங்காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு, பத்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தேன்.) அங்கே பாறைக்குள் அமைந்த மெக்ஐவர்ஸ் குளம் என்று ஒன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறதாம். பாறையின் மேல் கடல் வந்து வழிந்து குளத்தை நிரப்பிவிட்டுப் போகிறது. எழுபது எண்பது வயதுப் பாட்டிகள் தொப்பியோடு நீந்துகிறார்கள். ஒருத்தி தலை முதல் கால் வரை மூடிய உடையில். பக்கத்தில் ஒருத்தி கைக்குட்டை அளவு துணியில். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முழுக்கைச் சட்டையும் இறுக்கமான கால்சட்டையும் போட்டுக்கொண்டு படியில் இறங்கி, கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். ஜில்லென்று உயிர் போகிற குளிர். 47 வருஷத்துக்கு அப்புறம் கடல் தண்ணீர் என் முட்டிக்கு மேலே ஏறியது அன்றைக்குத்தான்.

இருட்டியதும் பஸ் ஏறினோம். விடியற்காலையில் கிராஃப்டன் என்ற ஊரைத் தாண்டும்போது தெருவெல்லாம் ஜாகரண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்துக் கொட்டியிருந்தன. அதோடு பைரன் பே வந்தது. அந்த ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; ஒரே கூட்டம், காபி ஒரு கோப்பை வாங்கினால் வயிற்றெரிச்சல். ஆனால் 1901-இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கு ஏறிப் போனால், ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி அதுதான். அங்கே நின்றபோது கீழே ஒரு திமிங்கிலத் தாயும் குட்டியும் தெற்கே போய்க் கொண்டிருந்தன. இதே ஊரில் 1954 முதல் 1962 வரை திமிங்கிலம் வெட்டுகிற தொழிற்சாலை இருந்ததாம். வெட்ட மிச்சமில்லாமல் போனதும் மூடினார்கள். பின்பு காப்பாற்றி வளர்த்து, 2022-இல் அரசின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே அந்த இனத்தை எடுத்துவிட்டார்கள். தாய் மூச்சு விட்டால் குட்டியும் விடுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தாளித்த குற்றம்

இந்த விடுதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைஞர் விடுதி என்று பெயரே தவிர, பல இடங்களில் வயது வரம்பு கிடையாது. பெண்கள் அறை என்று கேட்டால் தருகிறார்கள். ஆறு கட்டில், மேலும் கீழுமாக. முழங்கால்காரி என்று சொல்லிக் கீழ்க்கட்டிலைப் பிடித்துக் கொண்டேன். பொதுச் சமையலறையில் அவரவர் சாமான் பையில் பெயரும் கிளம்புகிற தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் மிச்சம் வைத்த அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாம் ஓர் அலமாரியில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் மூன்று வாரத்தில் அரிசி வாங்கியது ஒரே தடவைதான்!

பண்டபெர்க் பக்கம் ஒரு விடுதியில் எலுமிச்சம்பழ சாதத்துக்குக் கடுகு தாளித்தேன். காய்ந்த மிளகாய் கொஞ்சம் கருகிவிட்டது. வந்தது பாருங்கள் ஒரு சத்தம், 'கீ'யென்று காதைக் கிழித்துக்கொண்டு! மொத்த விடுதியும் வாசலுக்கு ஓடிவிட்டது. பாதிப் பேர் துண்டோடு. நான் கரண்டியோடு. நிர்வாகி அம்மாள் கோபப்படவில்லை; ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். பிறகு தணிந்த குரலில் காரணம் சொன்னாள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் சில்டர்ஸ் என்ற ஊரில் இருந்த பேக்பேக்கர் விடுதி ஒன்று 2000 ஜூன் 23-ஆம் தேதி தீப்பிடித்ததில் 15 பேர் இறந்தார்கள். பழம் பறிக்க வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் விடுதிகளின் தீப் பாதுகாப்புச் சட்டத்தை இறுக்கினார்கள். நான் சாதத்தைக் கிளறி அத்தனை பேருக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தேன். அன்றிரவு மகள் தங்கியிருக்கிற அறையில் கூரையில் அந்த வட்டமான கருவி இருக்கிறதா, வெளியே போக வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டிருக்கிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

பண்டபெர்க்கைச் சுற்றிக் கரும்பு. அந்தக் காடுகளை வெட்டித் திருத்த 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் வந்தவர்கள் அதில் பலர். அவர்கள் கருங்கல்லைப் பொறுக்கி அடுக்கிய சுவர் மான் ரெப்போ கடற்கரைப் பக்கம் இன்னும் நிற்கிறது. பிஜியில் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காகப் பாரதியார் பாடியதை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அதே கடற்கரையில் ராத்திரி, டார்ச் கூட அடிக்காமல், வழிகாட்டியின் பின்னால் பூனை நடை நடந்து போய், ஒரு பெரிய கடலாமை மணலைத் தோண்டி முட்டையிடுவதைப் பார்த்தோம். பிறந்து முப்பது வருஷம் போலக் கடலில் திரிந்துவிட்டு, பிரசவத்துக்குத் தான் பிறந்த கரைப் பக்கமே வருகிறதாம்.

போவன் என்ற ஊரில் ஊர் வாசலிலேயே பத்து மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய மாம்பழச் சிலை. அந்த ஊர் மாங்காய்க்கு மூலம் இந்தியாதான்; இங்கிருந்து நம் நாட்டுக்குக் கப்பலில் குதிரை கொண்டுபோன வியாபாரிகள் திரும்பும்போது விதை எடுத்து வந்தார்கள் என்று சொல்கிறார்கள். ருசி? பரவாயில்லை. பங்கனபள்ளியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வினிகர் பாட்டில்

அங்கிருந்து மூன்று மணி நேரம் டவுன்ஸ்வில். கடற்கரை நுழைவாயில்களில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள்! நவம்பரிலிருந்து மே வரை இந்தப் பக்கக் கடலில் 'பாக்ஸ் ஜெல்லி' என்கிற சொறிமீன் வரும். பட்டால் சில நிமிஷத்தில் உயிர் போகலாம். பட்ட இடத்தைத் தேய்க்காமல் உடனே வினிகரை அரை நிமிஷமாவது விடாமல் ஊற்ற வேண்டும். வலி அதனால் போகாது; தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காத விஷ முட்கள் வெடிக்காமல் அடங்கும். அதற்குள் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட வேண்டும். (சிட்னிப் பக்கத்து நீலச் சொறிக்கு வினிகர் கூடாது, சூடு பொறுக்கிற வெந்நீர்தான் என்றார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

'இருக்காஞ்சி' என்று இன்னொன்று, கட்டைவிரல் நகம் அளவுதான். கடித்தது தெரியாது, அரை மணி கழித்து முதுகுவலி, வாந்தி, ரத்த அழுத்தம் என்று ஆளைப் புரட்டிவிடும். அது எதனால் என்று தெரியாமல் இருந்தபோது, கெய்ன்ஸ் ஊர் டாக்டர் ஜாக் பார்ன்ஸ் 1961-இல் அந்தப் பூச்சியைப் பிடித்துத் தன் மேலும், தன் ஒன்பது வயது மகன் மேலும், ஒரு லைஃப்கார்டு மேலும் வைத்துப் பார்த்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியில்! விஞ்ஞானம் வளர்ந்தது சரி. அந்தப் பையனின் அம்மா வீட்டில் என்ன சொன்னாளோ, அதை எந்தப் புத்தகத்திலும் எழுதக் காணோம்.

இதனால் அங்கே குளிக்கிறவர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மெல்லிய ரப்பர்த் துணி மாதிரி உடை போட்டுக்கொள்கிறார்கள். சிட்னியில் கைக்குட்டையோடு நின்ற பெண்கள் எல்லாம் இங்கே என்னைவிட அடக்கமாக! இந்த உடை வருவதற்கு முன் தடியான லைஃப்கார்டுகள் எல்லாம் பெண்கள் அணிகிற நைலான் காலுறையை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்களாம்.

டவுன்ஸ்வில்லில் கடலுக்குள்ளே வலைகட்டி, கொடி நட்டு, லைஃப்கார்டும் நிற்கிறான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு, பிறகு மார்பு. வெதுவெதுப்பான தண்ணீர். அங்கே நின்றுகொண்டுதான் அவளிடம் சொன்னேன்; மாமா படம் வீட்டில் ஏன் மாட்டியிருக்கிறது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நீ காட்டினதால இல்லம்மா. யாரா இருந்தாலும் அந்த எடத்தைத்தான் காட்டியிருப்பாங்க. உலகம் பூரா ஜனங்க வந்து அங்கேயே எறங்கறாங்கன்னுதானே அதுக்குப் பேரே வச்சிருக்காங்க?"

கடைசி ஊர் கெய்ன்ஸ். கடலோரம் சேறு, முதலை ஜாக்கிரதை என்று பலகை வேறே. அதனால் 2003-இல் கடலை ஒட்டிப் பெரிய உப்புத் தண்ணீர்க் குளம் கட்டிவிட்டிருக்கிறார்கள்; இலவசம். இரவு எட்டரை மணிக்கும் குழந்தைகள் கும்மாளமாகக் குளித்துக் கொண்டிருந்தன. நம் ஊரில் அப்போது மாலை நாலு. படியில் உட்கார்ந்து ஈரத் துணியோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு 84 வயது. காது மட்டும் கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு ஜப்பானியக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நானும்தான் பாத்தேன், பாப்பா" என்றாள் அம்மா. "நீ கை காட்டறப்போ நானும் நிமிர்ந்து பாத்தேன். நல்ல எடமாத்தான் இருக்கு, போகட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

அப்புறம், "நீ ஆழத்துக்குப் போகலையே? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.